ஆட்டமும் பாட்டுமே அரிச்சுவடி

கண்டி மாநகரை விட்டுக் கலஹா வழியாக வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் சென்றால் வந்துசேரும் தெல்தோட்டை என்னும் சிறு பட்டினத்தைத் தேயிலையின் சரித்திரம் எழுதுவோர் எவரும் மறப்பதில்லை. 1852ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் என்பவர், 1867இல் இதற்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றிப் படிப்படியாக அழிக்கத் தொடங்கியபோது, இலங்கையின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றது அந்தப் பத்தொன்பது ஏக்கரில் பிறந்த தொழிலே என்பது யாவரும் அறிந்த விஷயம். ஆனால், அந்தக் கொழுந்தைக் கிள்ளிய தாய்மார் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிய பின்னர், அவர்களுடைய பாலகர்கள் மாலை வரையில் எங்கே இருந்தார்கள், எதைப் பாடினார்கள், எதை ஆடினார்கள் என்னும் கேள்விக்கு அச்சரித்திரங்களில் அதிகம் விடை கிடைப்பதில்லை. தேயிலையைப் பற்றி எழுதியாயிற்று. இனி அப்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றியும் சற்று எழுதலாம்.

பிள்ளைகள் இருந்த இடத்துக்குத் தோட்டத்து மக்கள் வழங்கிய பெயர் பிள்ளைக்காம்பரா. விடியலில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் தாய், இடுப்பிலொன்றும் கையிலொன்றுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே ஆயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போவாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடையில் ஒருமுறை இறங்கி வருவாள். தொட்டில்களாகக் கட்டிய சேலைகளும், ஒரு பெரிய பால்வாளியும், மேற்பார்வைக்கு ஓர் ஆயம்மாவும் என்ற அளவிலேயே பல காலம் இருந்த இந்நிலையங்கள், 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட காலத்தில் ஏற்பட்டதும் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று வழங்குவதுமான ஸ்தாபனத்தின் முயற்சியால் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் புதுப் பெயரையும், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களையும் படிப்படியாகப் பெற்றன. பெயர் மாறினாலும் பிள்ளைகளின் தேவை மாறவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பலர் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் இருக்கும்போது, அவர்களை அழாமல் வைத்திருப்பது ஒரு காரியம். அவர்களை வளர்ப்பது வேறொரு காரியம். இரண்டையும் ஒருசேரச் செய்யும் உபாயம் ஒன்று உண்டென்றால், அது கூடிப் பாடி ஆடும் விளையாட்டே ஆகும்.

இந்த உபாயம் நமக்குப் புதிதன்று. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து பஞ்சத்தினால் விரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்த மக்கள், மூட்டையில் கொண்டுவந்தது சொற்பமே. மனத்தில் கொண்டுவந்தவை தாலாட்டும், தெம்மாங்கும், ஒப்பாரியும், பிள்ளைகளை ஆட்டுவிக்கும் சிறு பாட்டுகளும். அவ்வாறு வந்த நாட்டார் பாடல்களை மலையகத்தின் மூத்த எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேடித் தொகுத்து வைத்தமை பெரும் உபகாரம். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என்று கணக்கிட்டுப் பிரித்தபோது, பாட்டி ஒரு கரையிலும் பேரன் மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. பாட்டி வாயிலிருந்து பேரப்பிள்ளையின் காதுக்கு நேராகச் செல்லும் செல்வமாகிய இச்சிறு பாட்டுகளுக்கு அத்தகைய பிரிவு நேர்ந்த பின்னர், அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு இயல்பாகவே ஆயம்மாக்களின் மேலும் முன்பள்ளி ஆசிரியைகளின் மேலும் வந்து விழுந்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், குழந்தையின் உடலசைவுக்கும் பாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தமிழ்ப் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பது விளங்கும். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பத்துப் பருவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அது ஒரு குழந்தை மருத்துவர் எழுதி வைத்த வளர்ச்சிக் குறிப்பைப் போலவே தோன்றும். ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது ஐந்தாம் மாதத்துச் செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி. பின்னர்த் தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. அதற்கும் பின்னர்ச் சிறுபறை கொட்டுதலும், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றிலும், சிறுதேர் உருட்டலும். கழுத்து நிற்பதிலிருந்து தேர் இழுப்பது வரையில் உடல் அடையும் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சந்தத்தை வகுத்து வைத்த மரபு இது. கண்ணனைக் குழந்தையாகக் கண்ட பெரியாழ்வார், செங்கீரையையும் சப்பாணியையும் மட்டுமல்லாமல், முதுகுப்புறமாக வந்து கட்டிக்கொள்ளும் விளையாட்டையும், அப்பூச்சி காட்டிப் பயமுறுத்தும் விளையாட்டையுங்கூடப் பதிகப் பொருளாக்கினார் என்றால், தாய்மார் வீட்டில் நாள்தோறும் ஆடிய ஆட்டங்களையே அவர் பக்தியாக மாற்றினார் என்றுதான் கொள்ள வேண்டும்.

பெரும் புலவர்களை விட்டுத் திண்ணைக்கு வருவோம். பருப்புக் கடையும் விளையாட்டை அறியாத தமிழ்க் குடும்பம் ஏது? குழந்தையின் உள்ளங்கையைச் சட்டியாக்கி, பெரியவர் தம் முழங்கையை மத்தாக்கிக் கடைந்து, பிறகு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது அண்ணனுக்கு என்று பங்கிட்டு, கடைசியில் இரு விரல்களை நண்டுபோலக் கைமேல் ஊர்ந்தேறச் செய்து, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதோடு அந்த நாடகம் முடியும். இதில் எண்ணிக்கை உண்டு, உறவுமுறை உண்டு, விரல் ஒவ்வொன்றும் தனித்து மடங்கும் அப்பியாசம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, நண்டு எப்போது வந்துசேரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் எதிர்பார்ப்பு உண்டு. வரப்போவது இன்னதென்று தெரிந்திருந்தும் வராத வரையில் பொறுத்திருக்கப் பழகுவது மனத்துக்கு வாய்க்கும் முதற் பயிற்சி.

இருவர் ஆடும் இந்த ஆட்டத்திலிருந்து பலர் ஆடும் ஆட்டத்துக்கு ஏறும் வயது, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட முன்பள்ளி வயதே. முந்திரிக்காய் விளையாட்டில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளை கையில் ஒரு துணியை மறைத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே பாட்டின் ஓரடியைக் கேட்க, உட்கார்ந்திருப்போர் மறு அடியால் விடை சொல்வர். துணி யார் முதுகுக்குப் பின்னே விழுந்ததோ, அவர் அதை எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். பருந்தும் கோழிக்குஞ்சும் விளையாட்டில் தாய்க்கோழியின் பின்னே ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிய குஞ்சுகளின் வரிசை, பருந்து பாயும் திசைக்கு எதிர்த் திசையில் ஒருசேர வளைய வேண்டும். ஒரு பிள்ளை பிடியை விட்டாலும் வரிசை அறுந்துவிடும். தட்டாமாலையில் கைகளை விரித்துச் சுழன்று, தலை கிறுகிறுக்கும் வேளையில் விழாமல் நிற்கப் பார்ப்பர். இருவர் கைகோத்துத் தோரணம்போல உயர்த்தி நிற்க, ஏனையோர் அதன் கீழே நுழைந்து நுழைந்து செல்லுகையில், பூக்களை ஒன்று முதல் பத்து வரையில் எண்ணிப் பாடி, பத்தாம் பூவில் அகப்பட்டவரைச் சிறைப்பிடிக்கும் ஆட்டமும் உண்டு. சிங்களச் சிறுவரும் புறங்கைகளைத் தரையில் வரிசையாக வைத்து, பாட்டின் அசைக்கு ஒரு கையாகத் தொட்டு வந்து, பாட்டு முடியும் கையை மடக்கிவிடும் ஆட்டத்தை ஆடுவதைக் காணலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக வாழும் தெல்தோட்டை போன்ற ஊரில், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் மொழியை அறியுமுன்பே அதன் தாளத்தை அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி இராது.

இவ்வாட்டங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தால், அவை எல்லாவற்றிலும் மூன்று அம்சங்கள் பொதுவாக இருப்பதைக் காணலாம். முதலாவது, எதுகையும் மோனையும் உடைய குறுகிய அடிகள். அர்த்தம் முழுவதும் விளங்காவிட்டாலும் நாவில் ஒட்டிக்கொள்பவை. இரண்டாவது, ஒவ்வோர் அடிக்கும் இணைந்த ஓர் அசைவு. மூன்றாவது, பாட்டு நிற்கும்போது உடலும் நிற்க வேண்டும், பாட்டு திரும்பும்போது உடலும் திரும்ப வேண்டும் என்னும் கட்டளை. இந்த மூன்றாவது அம்சமே மிக முக்கியமானது. ஓடும்படி குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஓட்டத்தின் நடுவே நிற்கத்தான் கற்பிக்க வேண்டும். பெரியவர் அதட்டி நிறுத்தினால் அது பயத்தினால் நிற்கும். பாட்டு நிறுத்தினால் தானே தன்னை நிறுத்திக்கொள்ளும். பின்னாளில் வகுப்பறையில் தன் முறை வரும் வரையில் பொறுத்திருப்பதற்கும், சொல்ல வந்த சொல்லை ஒரு கணம் அடக்கிக்கொள்வதற்கும் வேண்டிய தன்னடக்கம் இவ்விதமாகவே முளைக்கிறது.

மேலைநாட்டு ஆராய்ச்சியாளரும் தம் வழியில் இதே முடிவுகளுக்கு வந்திருக்கின்றனர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 400 பேர் வரையில் எடுத்துக்கொண்டு, சில சொற்களில் ஓசை ஒவ்வாத சொல் எது என்று கேட்டு, பிறகு சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். ஓசை ஒற்றுமையை எளிதில் உணர்ந்த பிள்ளைகளே பின்னர் வாசிப்பிலும் முன்னேறினர் என்று 1983இல் வெளியிட்டனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான்கு வயதுப் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, சிலரைப் பாடி ஆடி விளையாட விட்டும், சிலரை அதே விளையாட்டைப் பாட்டும் தாளமும் இன்றி விளையாட விட்டும் நடத்திய சோதனையில், சேர்ந்து பாடிய பிள்ளைகளே பின்னர் ஒருவருக்கு ஒருவர் உதவ அதிகமாக முன்வந்தனர் என்பது 2010இல் வெளிவந்த முடிவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியோ, மூன்று நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலை அசைத்து இயங்க வேண்டும், அவற்றில் 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று கூறுகிறது. பாட்டிமார் சொல்லாமற் செய்து வந்ததற்கு இப்போது பிரமாணங்கள் கிடைத்திருக்கின்றன.

பாலர் கல்வியின் முன்னோடிகளாகிய இருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1837இல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தை ஆரம்பித்து, பின்னர் அதற்குக் குழந்தைகளின் பூங்கா என்று பொருள்படும் பெயரைச் சூட்டிய பிரடெரிக் புரோபெல், 1844இல் தாய்மார்க்கென்று விரலாட்டப் பாடல்களும் சித்திரங்களும் அடங்கிய ஒரு நூலை வெளியிட்டார். தச்சனும் ரொட்டி சுடுபவனும் அதில் பாத்திரங்களாக வருகின்றனர். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். இன்று நம் நாட்டில் முன்பள்ளி எதனையும் மொண்டிசோரி என்றே மக்கள் அழைக்கின்றனர். ஆனால், தரையில் வரைந்த கோட்டின்மேல் இசைக்கு ஏற்பப் பிள்ளைகள் அடிமேல் அடி வைத்து நடப்பதையும், எல்லோரும் ஒரு கணம் அசைவற்று இருந்து நிசப்தத்தைக் கேட்பதையும் அந்த அம்மையார் எவ்வளவு மதித்தார் என்பதை அப்பெயரைப் பலகையில் எழுதியவர்களுள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, ஆட்டுவிக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் முன்பள்ளிகளில் அபிநயப் பாடல் என்னும் பெயரால் வழங்குவது பல சமயங்களில் பெற்றோர் விழாவுக்கான ஒத்திகையாகவே முடிந்துவிடுகிறது. ஒரே உடையில், ஒரே கோணத்தில், ஆசிரியையின் கண்ணைப் பார்த்தபடி கையசைக்கும் பிள்ளைகளுக்கு அது மற்றொரு பாடமே தவிர ஆட்டமாகாது. நல்ல ஆட்டத்துக்கு மேடை வேண்டாம், வாத்தியம் வேண்டாம், விலை கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் தாங்களே அறிந்த உலகத்திலிருந்து நாலைந்து அடிகளைக் கட்டிக்கொண்டால் போதும். உதாரணத்துக்காக நான் கட்டிய ஒரு சிறு பாட்டை இங்கே தருகிறேன்:

கூடை தூக்கு, குன்றில் ஏறு,
கொழுந்தை மெல்லக் கிள்ளு;
ஓடை வந்தால் ஒற்றைக் காலால்
ஓங்கித் தாவித் துள்ளு;
மடுவம் கண்டால் கூடை இறக்கி
மரத்தைப் போல நில்லு.

பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஆயம்மா முதலில் பாட்டை மட்டும் இரண்டு முறை பாட வேண்டும். பிறகு அசைவு சேரும்: முதுகுப்புறம் இரு கைகளையும் கொண்டுபோய் இல்லாத கூடையை மாட்டுதல், முழங்காலை உயர்த்தி நின்ற இடத்திலேயே மலையேறுதல், பெருவிரலும் சுட்டுவிரலும் கூட்டி இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளுதல், ஒற்றைக் காலில் துள்ளுதல், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் குந்திக் கூடையை இறக்குதல், இறுதியில் அசையாது நிற்றல். பென்சிலைப் பிடிக்கப் போகும் விரல்களுக்குக் கிள்ளும் அசைவே முதற் பயிற்சி. ஒற்றைக் காலில் துள்ளுவது மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடினம், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெருமை. ஆகவே சிறியவரை இரு காலாலும் குதிக்க விடலாம். பழகிய பின்னர், பாட்டை மெதுவாகவும் வேகமாகவும் பாடலாம். கடைசிச் சொல்லை ஆயம்மா சொல்லாமல் விட்டுப் பிள்ளைகளைச் சொல்ல விடலாம். மரமாக நிற்கும் நேரத்தை ஒன்று முதல் பத்து வரை எண்ணி நீட்டலாம். மலையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களில், வெளியே செல்ல இயலாதபோது, இதே பாட்டை உட்கார்ந்தபடி விரல்களால் மட்டும் ஆடலாம்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்து கிள்ளும் ஆட்டத்தையே கற்பிப்பதா, அந்தத் தொழிலிலிருந்து அவர்கள் விடுபட வேண்டாமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபம் நியாயமானதே; ஆனால், தாயின் தொழிலை மதித்து ஆடிய பிள்ளை அத்தொழிலுக்கே கட்டுப்பட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்று கொழுந்தும் மடுவமும் என்றால், நாளை ரயிலும் சுரங்கமும், மறுநாள் தபாற்காரரும் வைத்தியரும் ஆகாயவிமானமும் பாட்டில் வரட்டும். தன் தாயின் உழைப்பு பாடத் தக்கது என்று அறிவதும், உலகம் தான் வாழும் லயம் என்னும் வரிசை வீட்டை விடப் பெரிது என்று அறிவதும் ஒரே பிள்ளைக்கு வேண்டியவையே.

கவனிக்க வேண்டிய வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்கள் இந்த வயதுக்கு உகந்தவையல்ல. அதிகம் ஆட வேண்டிய மெலிந்த பிள்ளையே முதலில் வெளியேறி மூலையில் உட்கார நேரும். அகப்பட்டவர் அடுத்த முறை தலைவராக வரட்டும் என்று விதியைச் சிறிது மாற்றினால், தோல்வி பதவியாகிவிடும். அதுபோலவே, கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுக்கலாகாது. பல நாள் ஓரத்தில் நின்று வாயைத் திறவாமல் பார்த்த பிள்ளை, வீட்டில் தம்பிக்கு முழுப் பாட்டையும் அசைவு பிசகாமல் ஆடிக்காட்டும். பார்ப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

இவ்வளவும் கேட்ட பெற்றோர், "எல்லாம் சரி, எப்போது எழுதப் பழக்குவீர்கள்?" என்று கேட்பது வழக்கம். தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளை பெற வேண்டும் என்று ஏங்கும் தோட்டத்துத் தாயின் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்தல் ஆகாது. ஆயினும், 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே, முதலாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்கு முதலிடமும், செயற்பாட்டுக்கு அடுத்த இடமும், மேசை வேலைக்குக் கடைசி இடமும் அளித்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கே விளையாட்டுத்தான் பிரதானம் என்று அரசாங்கம் விதித்திருக்கும்போது, மூன்று வயதுப் பிள்ளையைக் கொப்பியின் முன் உட்காரவைத்துப் புள்ளிகளை இணைக்கச் சொல்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? ஓசையைக் கேளாத காதுக்கும், கிள்ளப் பழகாத விரலுக்கும், நிற்கப் பழகாத உடலுக்கும் எழுத்தைத் திணித்தால், எழுத்தின்மேல் வெறுப்பே மிஞ்சும்.

ஆகையால், தெல்தோட்டையின் ஆயம்மாக்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும், அவர்களுக்கு இடமும் நேரமும் ஒதுக்க வேண்டிய தோட்ட நிருவாகத்தினருக்கும், வீட்டிலிருக்கும் பாட்டிமாருக்கும் நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே: நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் கூடிப் பாடி ஆடுவதற்கென்று தனியே வையுங்கள்; எந்தப் பாடமும், எந்த விழா ஒத்திகையும் அதைத் தின்ன விடாதீர்கள். உங்கள் பாட்டி பாடியது ஞாபகத்தில் இருந்தால் அதைப் பாடுங்கள். இல்லாவிட்டால் அயல் லயத்து முதியவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்து, அவள் பாடுவதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதப் பழகுவதில் இப்போதைக்கு அவசரம் காட்ட வேண்டியவர்கள் பெரியவர்களே, பிள்ளைகள் ஆடட்டும்.